வீட்டில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சி: டார்கெட் ஸ்டாண்டும் பெல்லட் பெட்டியும் நாமே செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்கு?

10 மீட்டர் ஏர் ரைபிள் அல்லது ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்து, கிளப்புக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் போக முடிகிறது, மற்ற நாட்களில் வீட்டிலேயே சுட்டுப் பழக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. அப்புறம் பிள்ளைக்கு ஆசைப்பட்டு துப்பாக்கி வாங்கிக் கொடுத்துவிட்டு, டார்கெட்டை எங்கே மாட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர்களுக்கு. இங்கே சொல்வதெல்லாம் 4.5 மி.மீ. பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுடும் ஏர் கன்னுக்கு மட்டும்தான். 0.22 ரைபிள் போன்ற தோட்டா சுடும் துப்பாக்கிக்கு சுட்ட பெல்லட்டைப் பிடிக்கும் இந்தப் பெட்டியும் டார்கெட்டைத் தாங்கும் ஸ்டாண்டும் துளிகூடத் தாங்காது. அதைச் சுட அனுமதி பெற்ற ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் சுடுவது சட்டப்படி சரிதானா?

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அதாவது 0.177 அங்குலக் குழல் விட்டத்துக்கு மேற்படாத, குழல் முகப்பில் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுள்ள ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்குரிய ஏர் ரைபிள் ஏறக்குறைய 0.53 கிராம் பெல்லட்டை நொடிக்கு 170 மீட்டர் வேகத்தை ஒட்டித் தள்ளுகிறது, கணக்குப் போட்டால் 8 ஜூல்கூட வராது. வாங்கிய ரசீதையும் அடையாள அட்டை நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்று ஆகிவிடாது. அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து வருகிற மாதிரி சுட்டால் அது வேறு வழக்கு. பறவைகள் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியாவில் இருந்து படிப்பவர்களுக்கு நிலைமை வேறு, அங்கே ஏர் கன் விதிகளும் மிகக் கடுமை, முதலில் அங்கத்திய சட்டத்தைப் பாருங்கள்.

கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறதே, நாமே ஏன் செய்ய வேண்டும்?

கிடைக்கிறது, ஆனால் கடையில் வரும் சின்னப் பெட்டியின் வாய் பெரும்பாலும் டார்கெட் அட்டை அளவுக்குத்தான் இருக்கும். தேர்ந்த கை சுட்டால் அது போதும். புதிதாகப் பழகுகிறவர் சுடும் பெல்லட் அட்டையைத் தாண்டிப் போகும், ட்ரிக்கரில் விரல் பழகும்வரை அப்படித்தான் இருக்கும். அவருக்கு வாய் அகன்ற பெட்டியும் அதற்குப் பின்னால் பெரிய தடுப்பும் வேண்டும், அதை நம் இடத்துக்குத் தகுந்தபடி நாமே செய்துகொள்வதுதான் நல்லது. இன்னொன்று, உங்கள் கூடத்தின் நீளம், தரையின் மேடுபள்ளம், ஜன்னல் இருக்கும் இடம் எதுவும் கடைக்காரருக்குத் தெரியாது.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான். முதலில் டார்கெட்டுக்குப் பின்னால் இருப்பதற்குச் செலவு செய்யுங்கள், அப்புறம் டார்கெட்டைத் தாங்குவதற்கு, கடைசியாக அழகுக்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளவென்று பெயின்ட் அடித்த ஸ்டாண்டு நிற்கும், பின்னால் வெறும் தெர்மோகோல் இருக்கும்.

எந்த இடத்தில் வைப்பது?

சுடும் கோட்டிலிருந்து டார்கெட் முகம் வரை சரியாக 10 மீட்டர் வேண்டும், போட்டி விதி 5 செ.மீ. முன்பின் மட்டுமே அனுமதிக்கிறது. நீங்கள் நிற்பதற்கும் பெட்டி வைப்பதற்கும் சேர்த்து 12 மீட்டர் நீளம் இருந்தால் வசதி. வாசலில் நின்றால் கொல்லை தெரிகிற பழைய வீடுகளில் இது சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதே வீடுகளில்தான் நடுவில் இரண்டு பக்கமும் அறைக் கதவுகள் இருக்கும், யாராவது பேசிக்கொண்டே குறுக்கே வந்துவிடுவார்கள். சுடும் கோட்டுக்கு முன்னால் திறக்கும் ஒவ்வொரு கதவையும் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் பெல்லட்டைத் தொட வேண்டும். தாழ்ப்பாள் போட முடியாத கதவு ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம்.

டார்கெட் பக்கத்துச் சுவர் செங்கல் சுவராக இருக்கட்டும். கதவு, ஜன்னல், மெல்லிய தடுப்பு, கண்ணாடி அலமாரி எதுவும் பின்னால் கூடாது.

மொட்டை மாடியில் வைக்கலாமா?

எல்லோரும் முதலில் யோசிப்பது மாடியைத்தான், எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. டார்கெட்டைத் தவறவிட்ட பெல்லட் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் நூறு மீட்டருக்கும் அப்பால் போய் விழும், கீழே தெருவில் யார் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. டார்கெட் வைக்கும் பக்கம் படிக்கட்டு அறையின் முழு உயரச் சுவர் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் வெயில் கண்ணில் அடிக்கும், காற்றில் அட்டை படபடக்கும், பெல்லட்டும் கொஞ்சம் விலகும். அப்புறம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மாடித் தளத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதனால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் மட்டம் மாறும். இது அடுத்த கேள்வியோடு சம்பந்தப்பட்டது.

டார்கெட் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்?

டார்கெட்டின் நடுப்புள்ளி 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 5 செ.மீ. கூடலாம் குறையலாம். அந்த உயரத்தை நீங்கள் நிற்கும் தரையிலிருந்து கணக்கிட வேண்டும், டார்கெட் நிற்கும் தரையிலிருந்து அல்ல. இரண்டும் ஒரே மட்டம் என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் ஒன்றை வாங்கி, சுடும் இடத்தில் சுவரில் 1.40 மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, டியூபின் ஒரு முனைத் தண்ணீரை அந்தக் கோட்டில் நிறுத்தினால் மறுமுனையில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுதான் டார்கெட்டின் நடுப்புள்ளி. டியூபுக்குள் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

உயரத்துக்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நின்று சுடும் நிலையில் ரைபிளின் எடையை இடது கையும் இடுப்பெலும்பும் சேர்ந்து தாங்குகின்றன (வலது கைக்காரர்களுக்கு). டார்கெட் 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் உடம்பு தானாகவே அதற்கு ஏற்றபடி வளைந்து பழகிவிடும். பல மாதம் அப்படிப் பழகிவிட்டு போட்டிக்குப் போனால் ரேஞ்சில் டார்கெட் உயர்ந்து நிற்பது போலத் தோன்றும், கழுத்தும் தோளும் இறுகும், காரணம் புரியாது. ஸ்டாண்டு கோணலாக இருந்தால் நம் நிற்கும் நிலையும் கோணலாகப் பழகும். குழந்தைகள் விஷயத்தில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்டாண்டை எதில் செய்வது? மரமா, பிவிசியா, இரும்பா?

மூன்றிலும் செய்யலாம், நான் மரத்தைத்தான் சொல்வேன். ஓடு போட வாங்கும் ரீப்பர் கட்டைகளைவிடக் கொஞ்சம் தடித்த, 2 அங்குலத்துக்கு 2 அங்குலம் சட்டமாக வாங்கிக்கொள்ளுங்கள். 5 அடியில் இரண்டு கால், அடியில் 2 அடிக்கு 2 அடி சதுரமாக ஒரு அடிச்சட்டம், பின்பக்கம் சாய்வாக இரண்டு முட்டு. ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போடுங்கள், ஆணி நாளடைவில் லூசாகும். முட்டு இல்லாத ஸ்டாண்டு பார்க்க நன்றாக நிற்கும், ஆனால் ஃபேன் காற்றுக்கே லேசாக ஆடும். 10 மீட்டரில் ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் 0.5 மி.மீ. அகலம். ஸ்டாண்டு ஆடினால் நீங்கள் எதைப் பார்த்துப் பழகுகிறீர்கள்?

பிவிசி பைப் என்றால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல், எல்போவும் டீயும் போட்டு அரை மணி நேரத்தில் பொருத்தலாம், வேண்டாத போது கழற்றி மூலையில் வைக்கலாம். வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதுதான் வசதி. அடிப் பைப்பில் மணல் நிரப்பி மூடி போட்டுவிடுங்கள், கனம் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், பிவிசியின் எந்தப் பாகமும் பெல்லட் வரும் பாதையில் இருக்கக் கூடாது. பட்டால் சில்லுச் சில்லாக உடையும். பெல்லட் பெட்டி கனமானது, அதை பிவிசி மேல் ஏற்றாமல் பின்னால் தனி மேஜையிலோ செங்கல் அடுக்கிலோ வையுங்கள், பைப் சட்டம் அட்டையை மட்டும் பிடிக்கட்டும்.

இரும்பு ஆங்கிளில் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தால் ஆயுசுக்கும் நிற்கும். ஆனால் அட்டைக்குப் பக்கத்தில் வரும் ஆங்கிளின் முகத்தில் பெல்லட் பட்டால் திரும்பி வரும், எனவே முன்பக்கம் முழுக்க அரை அங்குல மரப்பலகையால் மூடுங்கள்.

எதில் செய்தாலும் கடைசியில் தரையில் ஸ்டாண்டின் கால்கள் வரும் இடத்தில் பெயின்டில் அடையாளம் போட்டுவிடுங்கள். தினமும் எடுத்து வைக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. சுடும் கோட்டையும் அப்படியே.

பெல்லட் பெட்டி எப்படிச் செய்வது?

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள். பெட்டி இரண்டு வகை.

முதல் வகை சாய்ந்த இரும்புத் தகடு. 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பெட்டி, வாய் 30 செ.மீ.க்கு 30 செ.மீ. உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகட்டை 45 டிகிரி சாய்வில் பொருத்த வேண்டும், தகட்டின் மேல் விளிம்பு உங்கள் பக்கமும் கீழ் விளிம்பு பின்பக்கமும் இருக்கும்படி. பெல்லட் தகட்டில் பட்டதும் கீழ்நோக்கித் திரும்பி அடியில் விழும். 30 செ.மீ. உயர வாயை 45 டிகிரியில் மூட வேண்டுமானால் தகட்டின் நீளம் ஏறக்குறைய 42.5 செ.மீ. வேண்டும், பெட்டியின் ஆழம் 30 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பட்டறையில் இந்த அளவைச் சொல்லி வெட்டி வாங்குங்கள், ஓரங்களை அரம் போடச் சொல்லுங்கள். அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மணலோ பழைய துணியோ போட்டால் விழும் பெல்லட் துள்ளாது.

தகட்டைச் செங்குத்தாக வைக்கக் கூடாது. சிலர் பெட்டியின் பின்சுவரில் அப்படியே தகட்டை ஒட்டி வைக்கிறார்கள், ஈயத் துணுக்குகள் நேராகச் சுடுகிறவர் பக்கமே தெறிக்கும்.

இரண்டாவது வகை, மெத்தென்று உள்வாங்கும் பெட்டி. அதே பிளைவுட் பெட்டி, 20 செ.மீ. ஆழம் போதும், பின்சுவரில் அதே 3 மி.மீ. தகடு, அதற்கு முன்னால் பழைய பருத்தித் துணிகள், ஜீன்ஸ், கோணிச் சாக்கு என்று இறுக்கமாக, கையால் அழுத்தினால் உள்ளே போகாத அளவுக்கு அடைக்க வேண்டும். வாயை அட்டையால் மூடி டேப் ஒட்டிவிடலாம். இங்கே தகடு செங்குத்தாக இருப்பதில் தவறில்லை, துணி வேகத்தைத் தின்றுவிடும். ஆனால் எல்லாப் பெல்லட்டும் நடுவிலேயே படுவதால் அங்கே குழி விழும், அதைக் கவனித்து ஒரு டப்பா பெல்லட் முடியும்போதெல்லாம் துணியைக் கலைத்து மறுபடி அடைக்க வேண்டும். துணிக்குப் பதில் ஏசி பைப் துளையை அடைக்கும் காயாத புட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, பெல்லட் அதிலேயே பதிந்து நின்றுவிடும், சத்தமும் வராது.

வீட்டுக்குள் சுடுவதானால் என் பரிந்துரை இரண்டாவது வகைதான். வெறும் இரும்பில் பெல்லட் மோதும்போது ஈயம் பொடியாகிறது, அந்தப் பொடி வீட்டுக்குள் பரவும். சாய்தகடு வேண்டும் என்றால் திறந்த கொட்டகையில் வையுங்கள்.

பெட்டி இருந்தால் போதாதா? பின்னால் வேறு தடுப்பும் வேண்டுமா?

வேண்டும். பெட்டி நல்ல குண்டுகளுக்கு, தடுப்பு தவறிய குண்டுகளுக்கு. 4 அடிக்கு 4 அடி 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைச் சுவரோடு நிறுத்தி, அதன் முன்னால் பழைய கம்பளமோ இரண்டு மூன்று மடிப்பு கோணியோ தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டாமல் தொளதொளவென்று தொங்கினால்தான் பெல்லட்டின் வேகத்தை வாங்கும். பிளைவுட்டில் ஒரே இடத்தில் அடி விழுந்து அரித்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

அட்டையை எப்படி மாட்டுவது?

ஏர் ரைபிள் அட்டை 8 செ.மீ. சதுரம், பிஸ்டல் அட்டை 17 செ.மீ. சதுரம். கரண்ட் வயரிங்குக்குப் போடும் பிவிசி கேசிங் பட்டி இருக்கிறதே, அதில் இரண்டு துண்டு வெட்டி, வாய் எதிரெதிராக இருக்கும்படி மரச்சட்டத்தில் ஒட்டினால் அருமையான காடி கிடைக்கும், அட்டையை மேலிருந்து சொருகலாம், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கும். இரும்பு பைண்டர் கிளிப் வேண்டாம், பெல்லட் பட்டால் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. மர, பிளாஸ்டிக் துணி கிளிப் பரவாயில்லை.

டார்கெட்டை நாமே பிரின்ட் எடுத்துக்கொள்ளலாமா?

பழகுவதற்கு எடுக்கலாம். சாதாரண ஏ4 தாளில் எடுத்தால் பெல்லட் கிழித்துக்கொண்டு போகும், துளை வட்டமாக விழாது, மதிப்பெண் பார்க்கவே முடியாது. தடித்த, பளபளப்பில்லாத அட்டையில் எடுங்கள், பின்னால் இன்னொரு அட்டையை ஒட்டினாற்போல் வைத்தால் துளை சுத்தமாக விழும். பிரின்டர் தாளுக்கு ஏற்றபடி அளவைச் சுருக்கிவிடும், அதனால் முதல் தாளை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., வெளி வளையம் 45.5 மி.மீ. பிஸ்டலில் கறுப்பு 59.5 மி.மீ., வெளி வளையம் 155.5 மி.மீ. இந்த அளவு வரவில்லை என்றால் செட்டிங்கில் நூறு சதவீதம் என்று வைத்து மறுபடி எடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் 7 மீட்டர்தான் இருக்கிறது. என்ன செய்வது?

டார்கெட்டை 70 சதவீதமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். ரைபிள் கறுப்பு 21.35 மி.மீ. ஆகும், பிஸ்டல் கறுப்பு 41.65 மி.மீ. கண்ணுக்கு 10 மீட்டரில் தெரிகிற அதே அளவில் தெரியும். உயரமும் மாறும். உங்கள் கண் 1.55 மீட்டரில் இருந்தால், கண்ணிலிருந்து 10 மீட்டர் டார்கெட்டுக்குப் போகும் கோடு 7 மீட்டரில் 1.445 மீட்டர் உயரத்தில் இருக்கும், அங்கேதான் நடுப்புள்ளி வர வேண்டும். பெல்லட்டின் துளை மட்டும் சுருங்காது, அதனால் 7 மீட்டரில் எடுத்த மதிப்பெண்ணை 10 மீட்டர் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டாம். கிளப்புக்குப் போகும்போது சைட்டை (துப்பாக்கியில் குறி பார்க்கும் பாகத்தை) மறுபடி சரி பார்க்க வேண்டியிருக்கும், வீட்டில் அதன் திருகை எத்தனை கிளிக் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வெளிச்சம்?

போட்டி ரேஞ்சில் டார்கெட் மேல் குறைந்தது 1500 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வீட்டு டியூப்லைட் அதன் கிட்டவே வராது. இரண்டு எல்இடி விளக்குகளை டார்கெட்டுக்கு முன்னால் மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று வைத்து, உங்கள் கண்ணுக்கு பல்பு தெரியாதபடி பலகையால் மறையுங்கள். மறைப்புப் பலகை பெல்லட் பாதையை விட்டு நன்றாகத் தள்ளியே இருக்கட்டும்.

ஈயம் ஆபத்தா? குழந்தைகள் இருக்கும் வீடு.

ஆம், இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 60 குண்டு சுட்டால் ஏறக்குறைய 32 கிராம் ஈயம் பெட்டியில் சேர்கிறது, 500 பெல்லட் டப்பா ஒன்று முடிந்தால் கால் கிலோவுக்கு மேல். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. சுடும் இடத்தில் தின்பண்டமே வேண்டாம். டார்கெட் பக்கத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பொடி கிளம்பும், ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியைத் தனியாக வையுங்கள். பெட்டியைக் காலி செய்யும்போது கையுறையும் மாஸ்க்கும் போடுங்கள், கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. சேர்ந்த ஈயத்தை மூடி போட்ட டப்பாவில் வைத்துப் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். தூண்டில் குண்டு செய்கிறேன் என்று சமையல் அடுப்பில் உருக்குவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

பெல்லட்டுக்குப் பதில் இரும்பு பிபி உருண்டை போடலாமா?

கூடாது. ஈயம் மோதியதும் நசுங்கிவிடும், இரும்பு உருண்டை அப்படியே வேகத்தோடு திரும்பி வரும். முனையில் இரும்பு வைத்த பெல்லட்டும் அப்படித்தான். ஒருமுறை சுட்ட பெல்லட்டை எடுத்து மறுபடி போடவும் கூடாது, குழலைக் கெடுக்கும். ஈயப் பெல்லட்டே சுட்டாலும் அறையில் இருக்கும் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், வேடிக்கை பார்ப்பவர் உட்பட.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

துப்பாக்கியைவிட இரும்புத் தகடுதான் அதிகம் சத்தம் போடுகிறது. தகட்டின் பின்பக்கம் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டுங்கள், பெட்டிக்கு அடியில் ரப்பர் பாய் போடுங்கள், முக்கால்வாசி அடங்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒருநாள் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். என்ன நடக்கிறது என்று தெரியாததால்தான் பயம் வருகிறது.

ஒவ்வொரு முறையும் நடந்து போய் அட்டை மாற்றுவது அலுப்பாக இருக்கிறது. கப்பியும் கயிறும் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் கயிற்றில் தொங்கும் அட்டை ஆடும். அட்டை வந்து நிற்கும் இடத்தில் அசையாத மரக் காடி ஒன்று இருந்து, அதில் போய் உட்கார வேண்டும். அது சரியாக அமைவது கொஞ்சம் மெனக்கெடும் வேலை. நான் நடப்பதையே சொல்வேன். துப்பாக்கியைப் பெல்லட் போடும் இடம் திறந்த நிலையில் மேஜை மேல் வைத்துவிட்டு, குழலில் பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டு, நடந்து போய் அட்டையைப் பார்த்து, திரும்பி வந்து மறுபடி நிற்பது கால்களுக்கும் கண்ணுக்கும் நல்ல ஓய்வு. இரண்டு பேர் பழகினால் ஒருவர் முன்னே போகும்போது மற்றவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது.

வீட்டில் பழகி உண்மையிலேயே முன்னேற முடியுமா?

2008 பீஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே ரேஞ்ச் இருந்தது. அது பெரிய வசதி, எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் வீட்டில் அவர் செய்ததில் பெரும்பகுதியை நாமும் செய்யலாம், நிற்பது, மூச்சைச் சீராக்குவது, குண்டு போடாமல் ட்ரிக்கர் இழுத்துப் பழகுவது. 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர், உலகக் கோப்பைத் தங்கங்கள் வாங்கிய இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். இந்த விளையாட்டு நமக்குத் தூரமானது அல்ல.

குண்டு போடாத பயிற்சிக்கும் இந்த ஸ்டாண்டு வேண்டும், பெட்டிதான் வேண்டியதில்லை. உங்கள் துப்பாக்கியில் அதற்கான வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் வகை ஏர் கன்னைப் பெல்லட் இல்லாமல் சுட்டால் உள்ளே பிஸ்டன் அடிபடும். கோச் ஒருவர் மாதம் ஒருமுறையாவது நீங்கள் நிற்பதைப் பார்க்க வேண்டும். சென்னை, கோவை, மதுரையில் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன, அங்கே போகும்போது டேப்பை எடுத்துப் போய் அவர்கள் டார்கெட்டின் உயரத்தையும் விளக்கு வைத்திருக்கும் விதத்தையும் அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். கேட்டால் காட்டுவார்கள்.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும்?

சுட ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள், தூக்குக்குண்டு தொங்கவிட்டு கால் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை உயரத்தை டியூப் வைத்து, தூரத்தை டேப் வைத்து. மழைக்காலத்தில் மரம் ஊதும், ஸ்க்ரூவை முறுக்க வேண்டியிருக்கும். பெட்டியின் தகட்டில் பள்ளம் விழ ஆரம்பித்தால் திருப்பிப் போடலாம், இரண்டு பக்கமும் பள்ளமானால் மாற்றிவிடுங்கள்.